என் கதைகளைக் கேட்காமல் மொழி மாதிரிக்குப் பயிற்சி கொடுத்தார்களா?

வாசகர் கேள்வி: சிறுகதை எழுதுகிறேன். 2014-இல் ஒரு தொகுப்பும் 2019-இல் இன்னொன்றும் வெளிவந்தன. சொந்த வலைத்தளத்தில் நாற்பது கதைகள் இருக்கின்றன. அண்மையில் ஒரு செயற்கை நுண்ணறிவு உரையாடல் செயலியிடம் என் கதை ஒன்றைப் பற்றிக் கேட்டேன். சுருக்கத்தை ஏறக்குறையச் சரியாகச் சொன்னது. என் முதல் தொகுப்பின் பிடிஎஃப் அனுமதியில்லாமல் இணையத்தில் சுற்றுகிறது. என் காப்புரிமை மீறப்பட்டுவிட்டதா? அமெரிக்காவில் எழுத்தாளர்களுக்குப் பெருந்தொகை கொடுக்கிறார்களாமே, அதில் எனக்குப் பங்கு உண்டா? பதிப்பகம் ஒரு புதிய ஒப்பந்தம் அனுப்பியிருக்கிறது. பழைய நூல்களையும் சேர்த்து "எல்லா மின்னணு, எந்திர வழிப் பயன்பாடுகளுக்கும்" உரிமை கேட்கிறார்கள். கையெழுத்துப் போடலாமா? 2014 ஒப்பந்தத்தில் காலவரை எதுவும் இல்லை; 2019 ஒப்பந்தம் முழு உரிமைக் காலத்துக்கும் என்கிறது.

பதில்: அன்புள்ள வாசகருக்கு,

முதலில் ஒரு சொல். காப்புரிமை என்பது கண்டுபிடிப்புக்கு உரியது. கதைக்கு உரியது பதிப்புரிமை. பதிப்பகத்துக்கோ ஓர் இணைய நிறுவனத்துக்கோ கடிதம் எழுதும்போது இந்த இரண்டும் இடம் மாறினால், சட்டம் அறியாதவர் எழுதியது என்று ஒதுக்கிவைத்துவிடுவார்கள்.

கடைசியாகக் கேட்டிருக்கிறீர்களே, அந்தக் கேள்விதான் அவசரமானது. கையெழுத்தை நிறுத்திவையுங்கள்.

காரணம் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957-இலேயே இருக்கிறது. உரிமை மாற்ற ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடாவிட்டால், 19(5) பிரிவுப்படி அது ஐந்து ஆண்டுக்குத்தான் செல்லும். எந்த நாடுகளுக்கு என்று குறிப்பிடாவிட்டால் 19(6) அதை இந்தியாவோடு நிறுத்திவிடும். உரிமையைக் கைமாற்றாமல் பயன்படுத்த மட்டும் அனுமதிக்கும் உரிமத்துக்கும் இதே விதிகள் 30ஏ பிரிவின் வழியாகப் பொருந்தும். ஆகவே 2014 தொகுப்பின் உரிமை 2019-லேயே உங்களிடம் திரும்பிவிட்டது. பதிப்பகம் இன்றும் அதை அச்சிட்டு விற்கிறதென்றால், அதை எழுத்தில் கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

2019 தொகுப்புக்கு வேறொரு காவல் உண்டு. 2012-இல் செய்த திருத்தம் 18(1) பிரிவில் ஒரு வரம்பைச் சேர்த்தது. ஒப்பந்தம் போட்ட நாளில் இல்லாத, அல்லது வணிகப் பயன்பாட்டுக்கு வந்திராத ஒரு பயன்பாட்டு முறைக்கு, அதைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டிருந்தால் ஒழிய, அந்த உரிமை மாற்றம் பொருந்தாது. 2019-இல் மின்னூல் இருந்தது. அது பதிப்பகத்திடம் போயிருக்கும். நீங்கள் பேசிய செயலியை இயக்குவது மொழி மாதிரி; ஏராளமான உரைகளை ஊட்டி அதற்குக் கற்பிப்பதே பயிற்சி. கதைத் தொகுப்புகளை அந்தப் பயிற்சிக்கு உரிமம் கொடுத்து விற்கும் சந்தை அன்று இருந்ததா? இல்லை என்று வாதாட உங்களுக்கு வலுவான இடம் இருக்கிறது. புதிய ஒப்பந்தத்தின் அந்த ஒரு வரி பறிப்பது இந்த இடத்தைத்தான். பழைய நூல்களையும் சேர்த்துக்கொள்வதால், உங்களிடம் இன்று இருப்பதைப் பைசா வாங்காமல் எழுதிக் கொடுத்ததாக ஆகிவிடும்.

ஒப்பந்தத்தையே மறுக்க வேண்டியதில்லை. அந்த வரியை எடுத்துவிட்டு இப்படி ஒன்றைக் கேளுங்கள்:

"இந்நூலை முழுமையாகவோ பகுதியாகவோ செயற்கை நுண்ணறிவு மாதிரிகளுக்குப் பயிற்சி அளிப்பதற்கும், மேற்பயிற்சி அளிப்பதற்கும், தேடி எடுத்து விடை தரும் அமைப்புகளில் சேமிப்பதற்கும் உள்ள உரிமை எழுத்தாளரிடமே இருக்கும். அத்தகைய ஒவ்வொரு பயன்பாட்டுக்கும் எழுத்தாளரின் தனியான எழுத்துமூலச் சம்மதம் தேவை."

மூன்றையும் பிரித்து எழுதுவதற்குக் காரணம் உண்டு. பயிற்சியின்போது உங்கள் வரிகள் கோடிக்கணக்கான பிற வரிகளோடு கலந்து, மாதிரிக்குள் இருக்கும் எடைகள் என்ற கணக்கு எண்களைச் சிறிது சிறிதாக நகர்த்துகின்றன. மேற்பயிற்சியில் சிறிய தொகுப்பைத் திரும்பத் திரும்ப ஊட்டுவார்கள். உங்கள் நடையைப் போலச்செய்ய வைக்கும் வேலை பெரும்பாலும் அங்கேதான் நடக்கும். தேடி எடுத்து விடை தரும் அமைப்பிலோ உங்கள் பத்தி அப்படியே சேமிப்பில் கிடக்கும். கேள்வி வரும்போதெல்லாம் எடுத்துப் பரிமாறப்படும். ஒரே தொகைக்கு மூன்றையும் கொடுப்பது உங்களுக்கு நட்டம்.

சம்மதம் தருவதென்று முடிவெடுத்தால் காலத்தையும் பங்கையும் எழுத்தில் கேளுங்கள். ஓர் அளவுகோல் சொல்கிறேன்: 2024 நவம்பரில் ஹார்ப்பர்காலின்ஸ் தன் எழுத்தாளர்களிடம் கேட்ட சம்மதத்தில், ஒரு நூலுக்கு 5,000 டாலர், எழுத்தாளருக்கும் பதிப்பகத்துக்கும் பாதிப் பாதி, உரிமக் காலம் மூன்று ஆண்டு என்ற செய்தி வெளியானது. விரும்பியவர்கள் மட்டும் சேரலாம் என்பதும் அதில் இருந்தது. தொகையைவிட அந்த மூன்று ஆண்டும், விருப்பத்தின்பேரில் என்பதும்தான் நீங்கள் பிடித்துக்கொள்ள வேண்டியவை. காலம் முடிந்த பிறகும் பயிற்சி பெற்ற மாதிரி அப்படியே இருக்கும். உங்கள் கதையை மட்டும் அதிலிருந்து பிரித்தெடுக்க முடியாது. ஆகவே "காலம் முடிந்தபின் பயிற்சித் தொகுப்பிலிருந்து நூலை நீக்க வேண்டும், அதற்குப் பின் தொடங்கும் எந்தப் பயிற்சிக்கும் பயன்படுத்தக் கூடாது" என்ற வாசகம் இல்லாத காலவரைக்குப் பொருளே இல்லை.

இனி உங்கள் முதல் கேள்வி. செயலி சுருக்கம் சொன்னது எதையும் நிரூபிக்காது. ஒரு கதையின் சுருக்கம் மதிப்புரையிலிருந்து வரலாம், பின்னட்டைக் குறிப்பிலிருந்து வரலாம், வாசகர் ஒருவரின் பதிவிலிருந்தும் வரலாம். செயலி அந்த நொடியில் இணையத்தில் தேடி உங்கள் வலைத்தளத்தையே படித்துச் சொல்லியும் இருக்கலாம். சில வேளை தலைப்பை வைத்து ஊகித்ததும் பொருந்திப்போகும். அதுவுமன்றி, கருவுக்குப் பதிப்புரிமை கிடையாது, வெளிப்பாட்டுக்குத்தான் உண்டு என்று இந்திய உச்ச நீதிமன்றம் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் 1978-லேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. சிறு சுருக்கம் ஒன்று மீறலாக நிற்காது.

சரியான சோதனை வேறு மாதிரி. இணையத் தேடலை அணைத்துவிடுங்கள். யாரும் எங்கும் மேற்கோள் காட்டாத ஒரு பத்தியைக் கதையின் நடுவிலிருந்து எடுத்து, முதல் ஐம்பது சொற்களை மட்டும் கொடுத்துத் தொடரச் சொல்லுங்கள். வரும் விடையை உங்கள் மூலத்தோடு ஒப்பிட்டு, இடைவிடாமல் ஒத்துப்போகும் மிக நீண்ட சொற்றொடர் எத்தனை சொல் என்று எண்ணுங்கள். ஐந்தாறு சொல் தற்செயலாகவும் அமையும். முப்பது நாற்பது சொல் வரிசை மாறாமல் வந்தால் அது மனப்பாடம். இதைப் பத்துப் பன்னிரண்டு பத்திகளில், ஒவ்வொன்றையும் புதிய உரையாடலில் செய்யுங்கள். அதோடு நீங்கள் இதுவரை எங்கும் வெளியிடாத இரண்டு பத்திகளையும் அதே முறையில் சோதியுங்கள். அவற்றிலும் "ஒத்துப்போதல்" தெரிந்தால் உங்கள் அளவுகோல் தவறு என்று பொருள். ஒவ்வொரு முறையும் செயலியின் பெயர், மாதிரியின் பதிப்பு, நாள், நேரம் தெரியும்படித் திரையைப் படமெடுத்து வையுங்கள். மாதிரிகள் மாறிக்கொண்டே இருப்பதால் அடுத்த மாதம் அதே விடை கிடைக்காமல் போகலாம்.

சோதனைக்காக முழுக் கதையையும் ஒட்டிவிடாதீர்கள். பல செயலிகளில் பயனர் உரையாடல்கள் பயிற்சிக்குப் போகும் அமைப்பு முன்கூட்டியே இயக்கத்தில் இருக்கும். அதை முதலில் அணையுங்கள்.

சோதனையில் எதுவும் வரவில்லை என்றால் உங்கள் கதை பயன்படுத்தப்படவில்லை என்றும் கொள்ள முடியாது. ஒரே உரை பயிற்சித் தொகுப்பில் எத்தனை முறை திரும்ப வந்தது, மாதிரி எவ்வளவு பெரியது, நீங்கள் கொடுத்த தொடக்கம் எவ்வளவு நீளம் என்பவற்றைப் பொறுத்தே மனப்பாடம் நிகழ்கிறது. புகழ்பெற்ற ஆங்கிலப் பத்தி ஆயிரம் தளங்களில் இருக்கும். உங்கள் கதை ஒரே ஒரு தளத்தில் இருந்தால் ஒருமுறை படித்துவிட்டு, சொல்லுக்குச் சொல் நினைவில் இல்லாமல் போயிருக்கும். பழைய தமிழ் நூல்களுக்கு இன்னொன்றும் உண்டு: பாமினி, வானவில் போன்ற பழைய குறியாக்கத்தில் தட்டச்சான பிடிஎஃப்பிலிருந்து உரையைப் பிரித்தெடுத்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியல்தான் வரும். மொழியைக் கண்டறிந்து வடிகட்டும் கட்டத்திலேயே அவை வெளியேறிவிடும். உங்கள் 2014 தொகுப்பு எந்த எழுத்துருவில் ஆனது என்று பாருங்கள். ஒருங்குறியில் (யூனிகோடில்) இருந்து, பிடிஎஃப்பிலிருந்து வரிகளை நகலெடுத்து ஒட்டும்போது சரியாக வந்தால், எந்திரமும் அதைச் சரியாகப் படித்திருக்க வாய்ப்பு அதிகம்.

சட்டத்தின் பார்வை எங்கே நிற்கிறது? "எந்திரம் கற்றதா" என்ற கேள்வியில் நிற்பதைவிட, "நகல் எங்கே, எப்படி எடுக்கப்பட்டது" என்பதில் நிற்கிறது. மாதிரி ஒரு வரியைக் கற்பதற்கு முன்பே அந்த வரி பலமுறை நகலாகிவிடுகிறது: தரவிறக்கம் ஒரு நகல், துப்புரவு செய்து சேமிப்பது இன்னொன்று, பயிற்சிக் கணினிகளுக்குப் பகிர்வது மற்றொன்று. இந்தியச் சட்டத்தின் 14(ஏ) பிரிவு, படைப்பை மின்னணு வழியில் எந்த ஊடகத்திலும் சேமிப்பதையும் ஆசிரியருக்குரிய மறுஆக்க உரிமையில் சேர்த்தே சொல்கிறது. ஆகவே நகல் எடுத்தார்களா என்பதில் பெரிய சண்டை இல்லை. விதிவிலக்கு உண்டா என்பதில்தான் சண்டை.

அமெரிக்காவில் அந்த விதிவிலக்கின் பெயர் நியாயமான பயன்பாடு. 2025 ஜூனில் கலிபோர்னியாவில் இரண்டே நாள் இடைவெளியில் இரண்டு தீர்ப்புகள் வந்தன. செயற்கை நுண்ணறிவு நிறுவனமான ஆந்த்ரோபிக் மீதான வழக்கில் நீதிபதி வில்லியம் ஆல்சப், நூல்களைக் கொண்டு மாதிரிக்குப் பயிற்சி தந்ததும், காசு கொடுத்து வாங்கிய அச்சு நூல்களைப் பிரித்து ஸ்கேன் செய்ததும் நியாயமான பயன்பாடே என்றார். திருட்டுத் தளங்களிலிருந்து எழுபது லட்சத்துக்கும் மேற்பட்ட நூல் பிரதிகளை இறக்கி நூலகமாக வைத்துக்கொண்டதை அப்படி ஏற்கவில்லை. மெட்டா மீதான வழக்கில் நீதிபதி வின்ஸ் சாப்ரியா நிறுவனத்தின் பக்கம் தீர்த்தார். ஆனால் எழுத்தாளர்கள் சந்தை இழப்பைச் சான்றோடு காட்டத் தவறியதே காரணம் என்றும், எந்திரம் கொட்டும் நூல்கள் மனிதர் எழுதிய நூல்களின் சந்தையை நீர்த்துப்போகச் செய்யும் என்ற வாதம் பல வழக்குகளில் வெல்லக்கூடும் என்றும் சேர்த்தே எழுதினார். அதே ஆண்டு பிப்ரவரியில் சட்டத் தகவல் சேவை நடத்தும் தாம்சன் ராய்ட்டர்ஸ் தொடுத்த வழக்கில், போட்டிச் சேவை ஒன்றை உருவாக்க அதன் தீர்ப்புக் குறிப்புகளைப் பயன்படுத்தியது நியாயமான பயன்பாடு ஆகாது என்று தீர்ப்பானது. அந்த வழக்கின் மாதிரி உரை எழுதும் வகையைச் சேர்ந்ததல்ல.

ஐரோப்பாவில் கேள்வி இன்னும் கூர்மையானது: பயிற்சி முடிந்த மாதிரிக்குள்ளேயே நகல் இருக்கிறதா? 2025 நவம்பர் 4 அன்று லண்டன் உயர் நீதிமன்றம், புகைப்பட நிறுவனமான கெட்டி இமேஜஸ் தொடுத்த வழக்கில், படங்களைச் சேமித்து வைக்காத மாதிரி ஒரு மீறல் நகல் ஆகாது என்றது. ஒரு வாரம் கழித்து, நவம்பர் 11 அன்று மியூனிக் நீதிமன்றம், பாடல் வரிகளை ஒப்பிக்கும் அளவுக்கு மனப்பாடம் செய்த மாதிரிக்குள் அந்த வரிகள் நகலாகவே இருக்கின்றன என்றது. உங்கள் ஐம்பது சொல் சோதனையை இவ்வளவு கவனமாகச் செய்யச் சொல்வது இதனால்தான். மியூனிக் வழியில் போகும் எந்த நீதிமன்றத்திலும் அதுவே முதல் சான்று.

இந்தியச் சட்டத்தில் தரவுச் சுரங்கத்துக்கென்று, அதாவது பெருந்திரள் உரைகளை எந்திரத்தால் அலசி எடுப்பதற்கென்று, தனி விதிவிலக்கு இல்லை. 52(1)(ஏ) பிரிவின் நியாயமான கையாளல், ஆய்வு உள்ளிட்ட சொந்தப் பயன்பாடு, விமர்சனம், நடப்புச் செய்தி என்று எண்ணிச் சொன்ன நோக்கங்களுக்கு மட்டுமே. வணிக மாதிரி ஒன்றின் பயிற்சியை இவற்றுக்குள் அடக்குவது கடினம் என்பது என் கணிப்பு. 2024 நவம்பரில் ஏஎன்ஐ செய்தி நிறுவனம் ஓப்பன்ஏஐ மீது டெல்லி உயர் நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கில் நீதிமன்றம் நான்கு கேள்விகளை வகுத்தது: பயிற்சிக்காகச் சேமித்தது மீறலா, விடை தரப் பயன்படுத்தியது மீறலா, 52-ஆம் பிரிவு காப்பாற்றுமா, கணினிகள் வெளிநாட்டில் இருக்கும்போது இந்திய நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டா. நான்காவது கேள்வி உங்களுக்கும் நேரடியாகப் பொருந்தும். நீங்கள் வசிக்கும் ஊரிலேயே வழக்குத் தொடர 62-ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆனால் நகல் எடுத்த செயல் இந்தியாவுக்குள் நடந்ததா என்று எதிர்த்தரப்பு கேட்கும். 2025 டிசம்பரில் மத்திய அரசின் தொழில்துறை ஊக்குவிப்புத் துறை வெளியிட்ட ஆவணம், சட்டப்படி கிடைத்த படைப்புகளை அனுமதி கேட்காமல் பயிற்சிக்கு எடுக்கலாம், மாற்றாக நிறுவனங்கள் ஒரு பொது அமைப்பின் வழியாகப் படைப்பாளிகளுக்கு உரிமத்தொகை தர வேண்டும் என்ற கட்டாய உரிம முறையைப் பரிந்துரைத்தது. மறுக்கும் உரிமை அதில் இல்லை. அது பரிந்துரைதான். ஆனாலும் உரிமத்தொகை யாருக்கு என்ற கேள்வி வரும் நாளில் உரிமை உங்கள் பெயரில் இருக்கிறதா, பதிப்பகத்தின் பெயரில் இருக்கிறதா என்பதை இன்று நீங்கள் போடும் கையெழுத்தே முடிவு செய்யும்.

அமெரிக்க இழப்பீட்டில் பங்கு உண்டா என்றால், பெரும்பாலும் இல்லை. நீங்கள் கேள்விப்பட்டது மேலே சொன்ன ஆந்த்ரோபிக் வழக்கின் 150 கோடி டாலர் சமரசம். நூலுக்குச் சுமார் 3,000 டாலர் கணக்கு; செலவு கழித்து, எழுத்தாளரும் பதிப்பகமும் பகிர்ந்துகொள்வது. அதில் இடம்பெற, இறக்கப்பட்ட அந்தத் திருட்டுத் தொகுப்புகளில் நூல் இருந்திருக்க வேண்டும். ஐஎஸ்பிஎன் அல்லது அமேசான் எண் வேண்டும். வெளியான ஐந்து ஆண்டுக்குள் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்தில் பதிவாகியிருக்க வேண்டும். அந்தப் பதிவும் நிறுவனம் நூலை இறக்குவதற்கு முன்போ, நூல் வெளியான மூன்று மாதத்துக்குள்ளோ நடந்திருக்க வேண்டும். எழுபது லட்சம் பிரதிகளில் பட்டியலில் நின்றவை ஏறத்தாழ 4,82,000 நூல்கள். ஒரே நூலின் பல பிரதிகள் கழிந்தது ஒரு காரணம், பதிவு இல்லாதது இன்னொரு காரணம். அமெரிக்காவில் பதிவு செய்யாத நூல்கள், எந்த மொழியில் இருந்தாலும், இந்த இடத்திலேயே விழுந்துவிட்டன. இது எழுத்தாளர்களுக்குப் பெரிய அநீதி என்றே நினைக்கிறேன். ஆனால் அதன் காரணம் தெரிந்தால் அடுத்த நூலைக் காப்பாற்றலாம்.

பதிப்புரிமைக்கான பன்னாட்டு உடன்படிக்கையான பெர்ன் உடன்படிக்கையால் உங்கள் கதைக்கு எழுதிய நொடியிலிருந்தே அமெரிக்காவிலும் பதிப்புரிமை உண்டு. வெளிநாட்டு நூல் என்பதால் பதிவில்லாமலே அங்கே வழக்கும் தொடுக்கலாம். கிடைக்காதது சட்டம் நிர்ணயித்த இழப்பீடு: நூலுக்கு 750 முதல் 30,000 டாலர் வரை, தெரிந்தே மீறியதென்றால் 1,50,000 வரை. அது இல்லாவிட்டால் உண்மையான இழப்பை ரூபாய் பைசாவாகக் காட்ட வேண்டும். சிறுகதைத் தொகுப்புக்கு அது மிகக் கடினம். ஆகவே அடுத்த தொகுப்பு வெளியான மூன்று மாதத்துக்குள் அமெரிக்கப் பதிவை இணையவழி செய்துவிடுங்கள். இந்தியப் பதிவுக்கு இலக்கியப் படைப்பு ஒன்றுக்கு 500 ரூபாய். விண்ணப்பித்தபின் ஆட்சேபத்துக்கு 30 நாள் காத்திருப்பு உண்டு. இந்தியாவில் பதிவு கட்டாயமில்லை என்றாலும், உரிமை யாருடையது என்ற தகராறில் முதல்நிலைச் சான்றாக நிற்கும்.

சுற்றும் பிடிஎஃப்பை விட்டுவைக்காதீர்கள். பெரிய தொகைக்குச் சமரசம் ஆனது திருட்டுப் பிரதியின் பேரில்தான் என்பதைப் பார்த்தீர்கள். ஆகவே அந்தப் பிரதி எந்த முகவரியில், எந்த நாள் முதல் கிடைத்தது என்பதைப் படமெடுத்து வைத்த பிறகே நீக்கச் சொல்லுங்கள். இந்தியப் பதிப்புரிமை விதிகள், 2013-இன் 75-ஆம் விதிப்படி எழுத்தில் புகார் தந்தால் தளம் 36 மணி நேரத்துக்குள் அணுக்கத்தைத் தடுக்க வேண்டும். ஆனால் 21 நாளுக்குள் வழக்குத் தொடுத்து நீதிமன்ற ஆணை கொண்டுவருவதாக நீங்கள் உறுதி தர வேண்டும். தவறினால் கோப்பு திரும்ப வந்துவிடும். அமெரிக்கத் தளம் என்றால், டிஎம்சிஏ என்ற அந்நாட்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் நீக்க அறிவிப்பே எளிது: படைப்பின் பெயர், மீறும் இணைப்பின் முழு முகவரி, உங்கள் தொடர்பு, நல்லெண்ண அறிக்கை, பொய்யென்றால் தண்டனைக்கு உட்பட்ட உறுதிமொழி, கையொப்பம். இணைப்பின் முழு முகவரிக்குப் பதில் தளத்தின் முகப்பை மட்டும் கொடுப்பதால்தான் பல அறிவிப்புகள் திரும்பி வருகின்றன.

வலைத்தளத்துக்கு ரோபாட்ஸ் கோப்பு (robots.txt) போடுங்கள். தளங்களைத் தானாகப் படித்துச் செல்லும் பாட் (bot) நிரல்களில் எது உள்ளே வரலாம், எது வரக் கூடாது என்று சொல்லும் சிறு கோப்பு அது. தளத்தின் வேர் அடைவில், சிறிய ஆங்கில எழுத்துப் பெயரில் இருக்க வேண்டும். உள் அடைவில் வைத்தால் எந்த பாட் நிரலும் பார்க்காது, துணைத் தளம் ஒவ்வொன்றுக்கும் தனிக் கோப்பு வேண்டும். ஜிபிடிபாட், கிளாட்பாட், சிசிபாட், கூகுள்-எக்ஸ்டெண்டட், ஆப்பிள்பாட்-எக்ஸ்டெண்டட் ஆகியவற்றைத் தடுக்கலாம். கூகுள்பாட்டைத் தடுத்துவிடாதீர்கள், கூகுள் தேடலிலிருந்தே காணாமல் போவீர்கள். கூகுள்-எக்ஸ்டெண்டட் என்பது பயிற்சி போன்ற செயற்கை நுண்ணறிவுப் பயன்பாடுகளுக்கான தனிக் குறி, தேடலைத் தொடாது. இது பூட்டு ஆகாது. மதிக்காதவர் நுழைவார், ஏற்கெனவே எடுத்ததும் திரும்பாது. ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019 நெறிமுறை, எந்திரம் படிக்கும்படி உரிமையை ஒதுக்கி வைத்தவரின் படைப்பை வணிகத் தரவுச் சுரங்கத்துக்கு எடுக்கக் கூடாது என்கிறது. 2025 ஆகஸ்ட் 2 முதல், அங்கே சந்தைப்படுத்தும் புதிய பொதுப்பயன் மாதிரிகள் பயிற்சி எங்கே நடந்திருந்தாலும் இதை மதிக்கும் கொள்கை வைத்திருக்க வேண்டும். பயிற்சித் தரவின் சுருக்கத்தையும் வெளியிட வேண்டும். அந்தச் சுருக்கங்களில் அதிகம் எடுக்கப்பட்ட தளங்களின் பெயர்ப் பட்டியல் இருக்கும். உங்கள் கதைகள் வேறு பெரிய தளங்களில் வெளியாகியிருந்தால் அங்கே தேடிப் பாருங்கள்.

இதையெல்லாம் செய்வதற்கு முன், இன்றே, வலைத்தளச் சேவையாளரின் கட்டுப்பாட்டுப் பலகத்தில் வருகைப் பதிவேட்டை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். எந்த பாட் நிரல், எந்த நாளில், எந்தக் கதைப் பக்கத்தை எடுத்தது என்பது அதில் வரி வரியாக இருக்கும். பல சேவையாளர்கள் சில வாரங்களிலேயே அதை அழித்துவிடுகிறார்கள். இழப்பீடு கேட்கும் வழக்குக்கு இந்தியாவிலும் அமெரிக்காவிலும் காலவரை மூன்று ஆண்டு என்பதால், மாதம் ஒருமுறை இறக்கி, மூன்று ஆண்டுக்குக் குறையாமல் வைத்திருங்கள்.